கெஞ்சினால் மிஞ்சுவார்

(சென்ற இதழில் ழாக் பிரெலின் ‘நெ மெ கித் பா’ பாட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சண்டை, மீதி அழுகை. ஆகவே இந்த இதழ் முழுக்க அவரும் அந்தப் பாட்டும்தான். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுக்கவும். அந்த விவகாரங்கள் எங்கேயும் ஓடிவிடாது.)

‘என்னை விட்டுப் போகாதே’ என்று ஒருவன் உருகி உருகிப் பாடுகிறான். எங்கள் பிரெஞ்சு வகுப்பில் உலகத்தின் தலைசிறந்த காதல் பாட்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் ‘கோழையின் பாட்டு’ என்று எழுதிவிட்டீர்கள். என்ன துணிச்சல் சார்?
— வாசகர், புதுச்சேரி

துணிச்சல் என்னுடையது இல்லை, பிரெலுடையது. இதைக் காதல் பாட்டு என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஆண்களின் கோழைத்தனத்துக்குப் பாடிய துதி என்று பேட்டியிலேயே சொல்லிவிட்டார். கேட்டவர்கள்தான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

ஒருமுறை வக்கீல் காதோடு கேட்டுப் பாருங்கள். அவள் ஏன் போகிறாள்? பாட்டில் இல்லை. இவன் என்ன செய்தான்? அதுவும் இல்லை. பழைய மனஸ்தாபங்களையெல்லாம் மறந்துவிடலாம் என்று தாராளமாக ஆரம்பிக்கிறான். எந்த மனஸ்தாபம், யார் கிளப்பியது என்று மூச்சு விடமாட்டான். அடுத்து, எந்த மனிதனாலும் கொண்டுவர முடியாத பரிசுகளுக்கு உத்தரவாதம். அதற்கடுத்து அவளை ராணியாக்கி ஒரு தனி ராஜ்யம். தேர்தல் அறிக்கை கெட்டது போங்கள்! எதுவும் எடுபடவில்லை என்று தெரிந்ததும் குரல் இறங்குகிறது. இனி அழவில்லை, பேசக்கூட இல்லை, ஒரு ஓரமாக ஒளிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க அனுமதித்தால் போதும் என்று ஒவ்வொரு படியாகக் கீழே வந்து, கடைசியில் அவள் வீட்டு வளர்ப்புப் பிராணிக்கும் கீழான ஓர் இடத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

இவ்வளவு நேரமும் பேச்சு அவனைப் பற்றித்தான். அவளுக்கு ஒரு பெயர் கிடையாது, என்ன நிறம் என்று தெரியாது, எதற்குச் சிரிப்பாள் என்று தெரியாது. காதலிக்கிறவன் காதலியைப் பற்றி ஒரு தகவலாவது சொல்லுவான். இவனுக்கு அவள் வேண்டியதில்லை, அவள் போகாமல் இருந்தால் போதும். பிரெலின் கெட்டிக்காரத்தனம், இதை எங்கேயும் சுட்டிக்காட்டாமல் அவனையே பேசவிட்டுப் பிடித்துக் கொடுத்தது.

உங்கள் ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். நன்றாகக் கெஞ்சினால் யாருக்கும் காதல் மாதிரிதான் கேட்கும்.

ழாக் பிரெல் பிரெஞ்சுக்காரர்தானே?
— வாசகர், கோவை

பிரஸ்ஸல்ஸ் பக்கம் போனால் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறந்தது அந்த ஊரின் ஸ்கார்பேக் பகுதியில், 1929 ஏப்ரல் 8-ல். அசல் பெல்ஜியக்காரர். அப்பாவுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பங்கு. பிள்ளையும் அங்கேயே உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று குடும்பம் நினைத்தது. 1950-ல் கல்யாணம். 1953-ல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பாரிஸுக்குப் போய்விட்டார்.

பாரிஸ் அவரைத் தாம்பாளத்தில் வைத்துத் தாங்கவில்லை. நீள முகம், பெரிய பல், குறுந்தாடி இல்லாத குறை ஒன்றுதான், பாதிரியார் மாதிரி பாட்டு. பிரஸ்ஸல்ஸுக்கு அருமையான ரயில்கள் உண்டு என்பதை மிஸ்டர் பிரெலுக்கு நினைவூட்டுகிறோம் என்கிற பொருளில் ஒரு பத்திரிகை விமரிசகர் எழுதினார். விமரிசகர் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கே ழாக் பிரெல் என்று பெயர். ரயில் விஷயத்தில் பழி தீர்ந்தது.

யாரை நினைத்து எழுதினார்? உண்மைச் சம்பவமா?
— வாசகி, மதுரை

இந்தக் கேள்வி மட்டும் 14 பேரிடமிருந்து வந்திருக்கிறது. கலையைப் பற்றிய நம் அக்கறையே அக்கறை.

சுசான் கப்ரியெல்லோ. பாடகி, நகைச்சுவை நடிகை. நண்பர்கள் ‘ஸிஸு’ என்று கூப்பிடுவார்கள். ஐம்பதுகளின் இரண்டாம் பாதியில் பிரெலுக்கும் அவருக்கும் பழக்கம். பிரெலுக்கு ஊரில் மனைவி, பெண் குழந்தைகள். வாழ்க்கை வரலாறுகள் சொல்கிற கதை இது: சுசான் கருவுற்றார், அது தன் குழந்தை என்று ஏற்றுக்கொள்ள பிரெல் மறுத்தார், சுசான் அவரைத் தன் வாழ்க்கையிலிருந்து வெளியே அனுப்பினார். 1959-ல் பாட்டு வந்தது.

இப்போது திரும்பப் போய்ப் பாட்டைக் கேளுங்கள். வானத்தின் கீழுள்ள அத்தனையையும் தருவதாகச் சத்தியம் செய்கிறவர், தன் கையில் இருந்த ஒன்றை, ‘ஆமாம், என் குழந்தைதான்’ என்ற ஒரு வாக்கியத்தை, தரவில்லை. பாட்டில் காரணம் ஏன் இல்லை என்று முதல் பதிலில் கேட்டேனே, காரணத்தைச் சொல்லியிருந்தால் பாட்டு அங்கேயே முடிந்திருக்கும்.

கோழை என்று அவர் சொன்னது யாரோ ஒரு மூன்றாம் மனிதனை இல்லை. அந்த அளவுக்கு நேர்மை உண்டு. ஆனால் நேர்மை பேட்டியில் வந்தது, ஸிஸுவிடம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

இப்படியொரு பாட்டு எழுத சொந்த அனுபவம் அவசியமா?
— வாசகர், கரூர்

கெஞ்சிய அனுபவம் இல்லாவிட்டால், கெஞ்ச வைத்த அனுபவமாவது வேண்டும்.

எனக்கு பிரெஞ்சில் ‘போன்ழூர்’ தாண்டித் தெரியாது. ஆனாலும் இந்தப் பாட்டைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது. இது என்ன மாயம்?
— வாசகர், சென்னை-4

மாயம் இல்லை, தச்சு வேலை.

வரிகள் மிகச் சின்னவை. வரிக்கு ஐந்தே அசை. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவனால் அதற்குமேல் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. நம் யாப்பில் சீர் குறையக் குறைய அடிக்கு ஒரு படபடப்பு வரும், அந்தச் சங்கதிதான். ஒவ்வொரு பகுதி முடிவிலும் அதே வேண்டுகோள், அதே சொற்கள், நாலு தடவை. புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாதவன் சொன்னதையே சொல்லுவான். வழக்கமான பாட்டில் பல்லவி திரும்பி வந்தால் நமக்கு ஒரு நிம்மதி. இங்கே திரும்பி வரும்போதெல்லாம் இன்னும் ஒரு கதவு சாத்தப்படுகிறது.

மெட்டில் ஒரு பகுதி இசையமைப்பாளர் லிஸ்ட்டின் 6-வது ஹங்கேரிய ராப்சோடியிலிருந்து வந்த சரக்கு. 1959 பதிவில் பின்னால் ஒரு குரல் மாதிரி, அழுகிற மாதிரி, ஆனால் மனிதத் தொண்டை இல்லாத ஒரு சத்தம் கேட்கும். அதன் பெயர் ஓந்து மார்த்தெனோ. 1928-ல் மோரிஸ் மார்த்தெனோ என்ற பிரெஞ்சுக்காரர் உலகுக்குக் காட்டிய மின்னணு வாத்தியம். விரலில் மாட்டிய மோதிரத்தைக் கம்பியோடு நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும், வீணையில் கமகம் இழுப்பதுபோல இடையில் எங்கும் உடையாது. ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அழ வைத்திருந்தால் சினிமாவாகியிருக்கும். இந்த ஒரு வழுக்கல் சத்தம் பாட்டை ராத்திரி 2 மணிக்குக் கொண்டு போய்விடுகிறது.

அடுத்தமுறை கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். உச்சஸ்தாயிக்கு ஏறிக் கதறுகிற இடமே கிடையாது. பிரெல் கத்தத் தெரியாதவர் இல்லை. ‘ஆம்ஸ்தர்தாம்’ பாட்டில் மேடையே இடிந்து விழுகிற மாதிரி ஏறுவார். இங்கே ஏறவேண்டிய கடைசிக் கட்டத்தில் கிட்டத்தட்டப் பேச்சாகக் குறைத்துவிடுகிறார்.

கெஞ்சினால் காரியம் நடக்குமா?
— வாசகர், ஈரோடு

நடந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாகப் பாட்டு அவரை விட்டுப் போகவில்லை. அவள்தான் போய்விட்டாள்.

இதையே ஒரு பெண் பாடினால் அர்த்தம் மாறாதா? நான் முதலில் கேட்டது நினா சிமோன் பாடியதைத்தான்.
— வாசகி, திருநெல்வேலி

மாறுகிறது, நன்றாகவே மாறுகிறது. நினா சிமோன் 1965-ல் பிரெஞ்சிலேயே பாடினார். பிரெஞ்சு உச்சரிப்பு அவருக்கு வாயில் வந்து உட்காரவில்லை, அதனால் என்ன! பிரெல் பாடும்போது மண்டியிட்ட ஆள் தெரிவான். சிமோன் பாடும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போகிறவனைக் கண்ணை எடுக்காமல் பார்க்கிற ஒரு ஆள் தெரிகிறது. அதே சொற்கள்தான், முதுகெலும்பு மட்டும் உபரி.

வேடிக்கை என்னவென்றால் பாட்டைப் பதிவு செய்வதில் முந்திக்கொண்டவரே ஒரு பெண். பிரெலுக்கு முன்னால் சிமோன் லாங்லுவா பாடிவிட்டார். ஆண்பிள்ளை இதையெல்லாம் பாடக்கூடாது என்று எடித் பியாஃப் முகம் சுளித்ததாக ஒரு பாரிஸ் கதை உண்டு. பியாஃப் வாழ்நாள் முழுக்கப் பாடியது என்ன என்று யாரும் அவரிடம் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரேசிலின் மைஸா பாடியதையும் தேடிக் கேளுங்கள். ஸ்பானிஷ் இயக்குநர் அல்மோதோவார் 1987-ல் எடுத்த ‘ஆசையின் சட்டம்’ படத்தில் அதைத்தான் வைத்தார். சோகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார் மைஸா. எனக்கு அது ஒரு மாற்றுக் குறைவுதான், என் வீட்டில் அதுதான் முதலிடம். விவாதம் நிலுவையில் இருக்கிறது.

ஃபிராங்க் சினாட்ரா ஆங்கிலத்தில் பாடிய ‘இஃப் யூ கோ அவே’ இந்தப் பாட்டுத்தானாமே? அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.
— வாசகர், பெங்களூரு

மெட்டு அதுதான். வரிகள் அமெரிக்கக் கவிஞர் ராட் மெக்கூன் போட்டவை. சினாட்ரா, ஷெர்லி பாஸி, டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட், ஸ்காட் வாக்கர் என்று அறுபதுகளில் பெரிய பட்டியலே பாடியது. பிடித்தால் தாராளமாகக் கேளுங்கள், நல்ல பாட்டு.

மெக்கூன் செய்த மராமத்து ஒன்றே ஒன்று. நீ போனால் இருட்டு, இருந்தால் வெளிச்சம் என்று இரண்டு பக்கமும் எழுதி ஐந்தொகை போட்டுவிட்டார். நம்பிக்கைக்கு ஒரு ஜன்னல் வைத்தாகிவிட்டது. மூலத்தில் ஜன்னல் கிடையாது. கேட்கிறவன் தன்னைச் சுருக்கிக்கொண்டே போகிற அந்த அவமானத்தின் ஏணியைக் கழற்றிவிட்டு, கோட்டு போட்ட ஆட்கள் கையில் கோப்பையோடு பாடத் தோதாக ஆக்கினார். ஏணியில் இறங்கும் சினாட்ராவை யாரும் காசு கொடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ இதற்குப் பக்கத்தில் நிற்குமா?
— வாசகி, சேலம்

நிற்கும், தலை நிமிர்ந்து. 1973-ல் வந்த சிங்கிள். மறுவருஷம் அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம். புதுக் கல்யாணம் ஆன சமயத்தில், வங்கியில் வேலை பார்த்த ஒரு செந்தலை அழகி தன் கணவரிடம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசினாள், கணவரும் வங்கிக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார் என்று பார்ட்டனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பெயர் மட்டும் ஆட்டோகிராஃப் கேட்டு வந்த ஒரு சின்னப் பெண்ணுடையது.

பிரெல் மனிதன் போகிறவளிடம் கெஞ்சுகிறான். பார்ட்டன் பெண் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நேராகப் போட்டிக்காரியிடம் போகிறாள். அவள் எப்படி இருப்பாள், தலைமுடி என்ன நிறம், கண் என்ன நிறம், குரல் எப்படி, எல்லாம் சொல்லிவிடுகிறாள். எதிரியை இவ்வளவு ரசித்து வர்ணித்த பாட்டு வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கணவன்தான் அடையாளம் இல்லாத ஆள். பறிகொடுக்கப்போகிற பொருளைவிட, பறிக்கப்போகிறவளை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். இது காதலைவிடப் பயம் அதிகமுள்ள பாட்டு, அதனால்தான் நிஜமாக இருக்கிறது.

உபதகவல்: வங்கிக்காரி தோற்றாள். பார்ட்டனுக்கும் கார்ல் டீனுக்கும் 1966-ல் நடந்த கல்யாணம், டீன் 2025-ல் காலமாகும்வரை நிலைத்தது.

யூடியூபில் பிரெல் பாடும் கறுப்பு வெள்ளை வீடியோ பார்த்தேன். நிஜமாகவே அழுகிறாரா, நடிப்பா?
— வாசகர், நாகர்கோவில்

கேமரா முகத்தை விட்டு நகரவே நகராது, அந்த வீடியோதானே? நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கோரமாக வருகிறது. கண் ஈரம் எங்கே முடிந்து வியர்வை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசி வேண்டுகோளில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. தன் மானத்தைத் தானே ஏலம் போடுகிறவன் முகத்தில் வரும் அசட்டுச் சிரிப்பு ஒன்று உதட்டில் வந்து போகும். நான் பார்ப்பது அந்தச் சிரிப்புக்காகத்தான். பரிதாபத்துக்குரியவனை நடிக்க எல்லோராலும் முடியும், அசடனைக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

நடிப்பா என்றால், ஆமாம், முதல் தரமான நடிப்பு. நிஜமா என்றால், அதுவும் ஆமாம். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் பயத்தில் வாந்தி எடுக்கிற ஆள் அவர். வருஷத்துக்கு 300 கச்சேரி வரை பாடியிருக்கிறார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. என்னதான் கைதட்டினாலும் ஒன்ஸ்மோர் பாடமாட்டார். போகாதே போகாதே என்று பாடிவிட்டுத் தான் மட்டும் போய்விடுவார்! 1966 அக்டோபரில் பாரிஸ் ஒலிம்பியாவில் விடைபெறும் கச்சேரி. திரை திரும்பத் திரும்பத் தூக்கப்பட்டது, கடைசியில் டிரெஸ்ஸிங் கவுனோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பாட்டு கிடையாது. ஒத்துக்கொண்ட மீதிக் கச்சேரிகளை முடித்து, 1967 மே மாதம் ரூபே என்ற ஊரில் கடைசி மேடை. வயது 38. அதற்கப்புறம் எத்தனை பேர் கெஞ்சினாலும் கச்சேரி மேடைக்குத் திரும்பவில்லை. நாடகம் நடித்தார், சினிமா எடுத்தார், பாய்மரக் கப்பல் வாங்கினார், விமானம் ஓட்டினார். பசிபிக் கடலில் மார்க்கேசஸ் தீவுக்குப் போய்க் குடியேறினார். 1978-ல் இறந்தபோது அங்கேதான் புதைத்தார்கள், ஓவியர் கோகனின் கல்லறைக்குப் பக்கத்தில். விட்டுப் போவதில் இவருக்கு இருந்த கைராசி பாட்டிலுள்ள ஆளுக்கு இல்லை.

போகாமல் இருந்தவர்களைப் பற்றி ஏதாவது எழுதினாரா? இல்லை, எல்லாமே ஒப்பாரிதானா?
— வாசகர், தஞ்சாவூர்

எழுதினார், அதுவும் எனக்கு இதைவிட மேலான பாட்டு. 1967-ல் வந்த ‘பழைய காதலர்களின் பாட்டு’. இருபது வருஷம் சேர்ந்திருந்த ஜோடி. இரண்டு பேரும் யோக்கியம் இல்லை. இவனுடைய தந்திரமெல்லாம் அவளுக்குத் தெரியும், அவளுடைய மந்திரமெல்லாம் இவனுக்குத் தெரியும். எத்தனையோ தடவை பெட்டி கட்டியாகிவிட்டது. இன்னும் அதே அறை, அதே நாற்காலி. யாரும் யாரையும் கெஞ்சவில்லை. முன்னதில் வாக்குறுதி நிறைய, ஞாபகம் கொஞ்சம். பின்னதில் எல்லாமே ஞாபகம். ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் ஒன்றாக இருப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க வேண்டுமானால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

ஒப்பாரி மட்டும்தானா என்றால், சிரிப்பும் உண்டு. ‘மதலேன்’ பாட்டில் ஒருத்தன் பூங்கொத்தோடு டிராமுக்குப் பக்கத்தில் நிற்பான், அவள் வரமாட்டாள், நாளைக்கும் வந்து நிற்பான். ‘லே போன்போன்’ பாட்டில் வேறொரு அப்பாவி, பூ வாடிவிடும் என்று யோசித்து மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவான். அவள் கண் முன்னாலேயே வேறொருவனோடு போய்விடுவாள். சில வருஷம் கழித்து பிரெல் அதற்கு ‘போன்போன் 67’ என்று இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அந்த ஆசாமி வளர்த்த தலைமுடியும் புதுமோஸ்தருமாகத் திரும்பி வருகிறான். எதற்கு? கொடுத்த மிட்டாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக.

அவருடைய மனைவி என்ன ஆனார்? அதை ஏன் யாரும் கேட்கவில்லை?
— வாசகி, காரைக்கால்

நீங்கள் கேட்டுவிட்டீர்களே, அதற்காகவே உங்களுக்கு இந்த இதழின் பரிசு. பெயர் தெரேஸ், வீட்டில் ‘மிஷ்’. 1950-ல் கட்டியவர். மூன்று பெண் குழந்தைகளை பிரஸ்ஸல்ஸில் வளர்த்தார், கணவரின் பாட்டுகளுக்கான பதிப்பக வேலையைப் பார்த்தார். பிரெல் யார் யாரோடெல்லாம் வாழ்ந்தாலும் விவாகரத்து மட்டும் நடக்கவில்லை. சாகும்வரை சட்டப்படி மிஷ்தான் மனைவி, சொத்தும் குடும்பத்துக்கே. மிஷ்ஷை நோக்கி ‘போகாதே’ என்று அவர் பாடியதில்லை. போகமாட்டார் என்று தெரிந்திருக்கும்.

மூன்று வருஷப் பழக்கம். இரண்டு மாதம் முன்பு விலகிவிட்டேன். அவர் தினமும் ராத்திரி இந்தப் பாட்டின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மனசு கேட்கமாட்டேன் என்கிறது. பதில் போடட்டுமா?
— பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

அனுப்புகிறவர் பாட்டைக் கடைசிவரை கேட்டிருக்கமாட்டார் அம்மா. கேட்டிருந்தால் அனுப்பியிருக்கமாட்டார். அவர் சொந்தமாக ஒரு வரி எழுதி, அதில் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு இடத்திலாவது சொல்லியிருந்தால் சொல்லுங்கள், யோசிப்போம். லிங்க் மட்டும்தான் என்றால், கெஞ்சுவதைக்கூடக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்.

பாட்டில் அந்தப் பெண் கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. கவனித்தீர்களா? மழை தருகிறேன் என்கிறான், ராஜ்யம் தருகிறேன் என்கிறான், ம்ஹூம். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த ஆள் அவள்தான். நீங்களும் அப்படியே இருக்கலாம். பதில் போட்டே தீரவேண்டுமென்று கை அரித்தால் ‘போன்போன் 67’ லிங்க்கை அனுப்பிவிட்டு, வாங்கிய மிட்டாய் பாக்கி ஏதாவது இருந்தால் கூரியரில் திருப்பிவிடுங்கள்.

ஓரமாக ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிற கட்டம் மேடையில் வந்தால் கைதட்டலாம். உங்கள் தெருமுனையில் வந்தால் 181-க்குப் போன் பண்ணுங்கள்.